மாதனூர் ரோட்டில் ஒரு சிவப்புக் கோடு

மாதனூருக்குள் நுழைகிற இடத்தில் வண்டிக்கு அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சக்கரம் ஏதோ குழியில் இறங்கியிருக்கும் என்று நினைத்து நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் எஞ்சின் கத்த ஆரம்பித்தது. வண்டி மட்டும் இழுக்கவில்லை. மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் ஏறியது. வந்த வேகத்தில் உருண்டுபோய் ஒரு புளியமரத்தடியில் தானாக நின்றது.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். தார் ரோட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு. சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் மெல்லிசாகத் தொடங்கி, வர வரத் தடித்து, என் வண்டிக்கு அடியில் வந்து முடிந்திருந்தது. காலை வெயிலில் அதன் ஈரம் பளபளத்தது.

அந்த ‘டக்’ குழி இல்லை, ஆள். யாரையோ அடித்து, அடியில் மாட்டி, இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். வேறு எப்படி நினைப்பது? ரோட்டில் சிவப்பாக வழிவது வேறு என்னவாக இருக்க முடியும்?

வருஷம் கேட்டு எழுதும் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வருஷம் எனக்கு நினைவில் நிற்பதில்லை. ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேல்பாகம் தைத்து அனுப்பத் தொடங்கி, சுற்றுக் கிராமத்துப் பெண்களை ஏற்றிப்போகக் கம்பெனி பஸ்கள் வர ஆரம்பித்திருந்த காலம். அது போதும்.

அன்றைக்கும் அந்தப் பஸ்ஸுக்காக நின்றிருந்த பெண்கள்தான் முதலில் ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் டீக்கடைக்காரர்கள், வயலில் நின்றவர்கள், சைக்கிளைப் போட்டுவிட்டு வந்தவர்கள்.

“அடிச்சு இழுத்துக்கினு வந்துட்டாம்மா.”

“அடியில பாருங்க. வண்டிக்கு அடியில பாருங்க.”

இரண்டு பேர் ரோட்டிலேயே குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். “யாரும் இல்ல” என்று ஒருவன் சொன்னான். அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. “அப்போ வழியில எங்கியோ கழண்டு வுழுந்திருக்கும், ஓடுங்கடா” என்று இன்னொருவன் கத்தினான். பாதிக் கூட்டம் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியது.

போனவர்களில் ஒருவன் கையில் ஒரு செருப்போடு திரும்பி வந்தான். பழுப்பு நிறத் தோல் செருப்பு, பெண்கள் போடுவது. அதைப் பார்த்ததும் கூட்டத்தில் நின்ற ஓர் அம்மாள் பாய்ந்து பிடுங்கினாள். அவள் பெயர் பச்சையம்மாள் என்று பிறகு தெரிந்தது.

“இது என் பொண்ணு செருப்பு. ஐயோ, என் மல்லிகா செருப்பு இது.”

கதவைத் திறந்து என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு எப்படியோ நின்றேன். “எங்கடி என் பொண்ணு? சொல்லுடி, எங்க தள்ளிட்டு வந்த?” என்று என் ஜாக்கெட்டைப் பிடித்து உலுக்கினாள்.

“தெரியலம்மா” என்றேன். “எனக்குத் தெரியலியே.”

விட்டாள் ஓர் அறை. காது அடைத்துக்கொண்டது. அந்த அடைப்புக்குள்ளும் பின்னால் ஒருவன் சொன்னது தெளிவாகக் கேட்டது. “எவனா இருந்தாலும் வண்டிய வுட்டுட்டு ஓடிடுவான். இவளப் பாரு, எப்டி நிக்கிறா.” இன்னொருவன் என் காலைப் பார்த்துவிட்டு, “நொண்டிக்கு எதுக்குடா காரு?” என்றான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அன்றைக்குக் கோபமே வரவில்லை. அடித்தவள் மேல்கூட வரவில்லை. அவள் மகளை நான்தான் கொன்றுவிட்டேன் என்று அவளைப் போலவே நானும் நம்பினேன். அந்த நேரத்தில் என்னைப் பிடித்துப் போலீசில் கொடுத்திருந்தால், ஆமாம், நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஒரு தெரு நாய் வந்து கோட்டை மோந்து பார்த்து, தும்மிவிட்டுப் போனது. அதைக் கவனித்த ஒரு லாரி டிரைவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் தொட்டார். தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

“ரத்தம் இல்ல இது. ஏதோ எண்ணெய்” என்றார்.

“செவப்பா எண்ணெய் இருக்குமாய்யா? யாருக்குக் காது குத்தற?” என்று நாலு பேர் அவர் மேல் பாய்ந்தார்கள். பச்சையம்மாள் எதையும் காதில் வாங்கவில்லை. செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் கம்பெனி பஸ் வந்தது. கூட்டம் வழியை அடைத்திருந்ததால் தள்ளியே நின்றது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கி, டிபன் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஆட்களை விலக்கி உள்ளே வந்தாள்.

“இன்னாம்மா ஆச்சு? யாரு அடிபட்டாங்க?” என்று தன் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

மல்லிகாதான். உட்கார இடம் கிடைக்கும் என்று முந்தின ஸ்டாப்பிலேயே போய் ஏறியிருக்கிறாள். பச்சையம்மாள் மகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். காலைப் பார்த்தாள். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. என்னை அறைந்த அதே கையால் மகளையும் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள்.

நான் அப்படியே வண்டியில் சரிந்து தரையில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. பல் மட்டும் தந்தி அடித்துக்கொண்டிருந்தது.

ஒரே செருப்பு, ஊரெல்லாம்

அந்தச் செருப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் கழித்துப் போட்ட தோலில், தழும்போ கீறலோ இருக்கிற துண்டுகளில், பொங்கலுக்கு முன்னால் செருப்பு தைத்து வேலை செய்கிற பெண்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே வார், ஒரே தையல். சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டு வாசலில் பார்த்தாலும் அதுதான் கிடக்கும்.

அதனால் வேறு ஊரில் நடக்க முடியாத தப்பு எங்கள் ஊரில் நடந்தது. தன் மகள் செருப்பு என்று ஒரு தாய் மார்பில் அடித்துக்கொண்ட அந்தச் செருப்பு, அங்கே நின்ற எல்லாப் பெண்களின் காலிலும் இருந்தது. கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினவர்களில் யாரோ ஒருத்தியின் காலிலிருந்து கழன்று விழுந்ததாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பதற்றத்தில் ஒருத்தியும் தன் காலைக் குனிந்து பார்க்கவில்லை.

அது அந்தக் கம்பெனியின் தோல், என் கம்பெனியின் தோல்.

கிளட்ச் இல்லாத வண்டி

எனக்குச் சின்ன வயதிலேயே போலியோ. இடது காலுக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் இரும்புச் சட்டமும் தோல் பட்டையும் வைத்து ஒரு பூட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். அப்பா அங்கே கம்பவுண்டர். எனக்கு வைத்தியம் பார்த்த வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் படகு மாதிரி நீளமாக ஓர் அமெரிக்க வண்டி இருந்தது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும், அதற்குக் கிளட்ச் கிடையாது. இடது காலுக்கு வேலையே இல்லை. “எஸ்தர், இது உனக்காகச் செய்த வண்டி” என்று கொச்சைத் தமிழில் சொல்லிச் சிரிப்பார். நான் அப்போது ஸ்கூல் பெண்.

அவர் நாட்டைவிட்டுப் போகும்போது அந்த வண்டியை வாங்கியவர் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியும் ஷூ கம்பெனியும் வைத்திருந்த பாய். பெயர் வேண்டாம், எல்லோருக்கும் அவர் பெரிய பாய். வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வருகிறவர்களைக் காட்பாடி ஸ்டேஷனிலிருந்து ஜம்மென்று கூட்டி வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. நான் அதற்கு முன்பே அவர் ஆபீஸில் டைப்பிஸ்ட்.

வண்டி வந்தது. டிரைவர்தான் கிடைக்கவில்லை. வந்தவனெல்லாம் பழக்கதோஷத்தில் இடது காலால் கிளட்ச் என்று நினைத்து ஓங்கி மிதிப்பான். அங்கே இருப்பது பிரேக். வண்டி குலுங்கி நிற்கும், பின்னால் உட்கார்ந்திருக்கிற பெல்ஜியம்காரர் முன் சீட்டில் முகத்தை இடித்துக்கொள்வார். ஒருத்தர் மூக்கில் ரத்தம் வந்த பிறகு பாய் வண்டியை ஷெட்டில் தள்ளிப் பூட்டிவிட்டார்.

“நான் ஓட்டறேன் பாய்” என்று போய் நின்றேன்.

அவர் என் காலைப் பார்க்கவில்லை. மரியாதைக்காரர். சீலிங் ஃபேனைப் பார்த்தார். “பொம்பளப் புள்ள எப்டிம்மா” என்று இழுத்தார்.

“இதுல ரெண்டு கால் இருக்கறவங்கதான் பாய் தப்பு பண்றாங்க” என்றேன்.

லைசென்ஸ் வாங்கப் போனால் பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து குனிந்து கிளட்சைத் தேடினார். கிடைக்கவில்லை. ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். இறங்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆம்பூர் பஜாரில் நான் முதல்முறை போனபோது கடைக்காரர்கள் தராசைப் பிடித்த கையோடு நின்று பார்த்தார்கள். பாய் மட்டும் என் வண்டியில் ஏறவே மாட்டார். அம்பாசடரில் பின்னாலேயே வருவார்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் நான் நொண்டி இல்லை. நடக்கும்போது என்னைத் திரும்பிப் பார்க்கிற ஊர், ஓட்டும்போது வண்டியைத் திரும்பிப் பார்த்தது. இதை அனுபவிக்காதவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது.

பாய் சொன்ன காரணம்

மாதனூர் சம்பவத்துக்கு மறுநாள் பாய் கூப்பிட்டு அனுப்பினார். முந்தின நாள் ஜெர்மன்காரர் ஒருவர் காட்பாடியில் எனக்காகக் காத்திருந்து, வெகுநேரம் கழித்து அம்பாசடரில் வந்து சேர்ந்தார். அதற்காகப் பாய் திட்டப்போகிறார் என்று நினைத்துப் போனேன். அவர் திட்டவில்லை. என் வீங்கின கன்னத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வண்டிய மெட்ராஸ் புரோக்கர்கிட்ட குடுத்துடலாம்மா. நீ மேல டைப் செக்‌ஷனுக்கே போய்டு.”

“ரிப்பேர் பண்ணா ஓடும் பாய்.”

“வண்டி ஓடும் பேட்டி. நீ ஓடுவியா?” என்றார். மகளே என்பதை உருதுவில் பேட்டி என்பார். குரல் உயரவே இல்லை. “நேத்து அந்தப் பொண்ணு பஸ்ல இருந்துச்சு. இல்லன்னா? ஜனம் கூடிச்சுன்னா எந்த டிரைவரும் ஓடித் தப்பிச்சுக்குவான். உன்னால ஓட முடியாது. உன்னை அங்கியே அடிச்சுப் போட்டுட்டா உங்கப்பாவுக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் அப்படி வலித்தது. மாடிப் படிக்கட்டை ஒவ்வொன்றாக ஏறி டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் அடித்த கடிதங்களில் எத்தனை தப்பு என்று எனக்கே தெரியாது.

சுண்ணாம்புத் தொட்டிக்குள் தாமு

எங்கள் டேனரியில் தோலுக்குப் பளபளப்பு ஏற்றுகிற பிரஸ் மெஷின் ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொள்கிற ஃபிட்டர் தாமோதரன், குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிற குடும்பம். பவர்லூமைப் பிரித்துப் பிரித்து மாட்டிப் பழகி, இங்கே வந்துவிட்டவர். வாயைத் திறந்தால் தம்பட்டம்தான். அவர் தொடாத மெஷின் உலகத்திலேயே இல்லை.

விற்பதாக இருந்தாலும் ஓடுகிற வண்டியாக விற்கலாமே என்று பாயிடம் சொல்லி அனுமதி வாங்கியது தாமு அண்ணன்தான். எனக்காகச் செய்தாரா, அந்த வண்டியைப் பிரித்துப் பார்க்கிற ஆசையில் செய்தாரா என்று இன்றுவரை தெரியாது. இரண்டும் இருக்கும்.

டேனரியில் ஒரு பழைய சுண்ணாம்புத் தொட்டி வறண்டு கிடந்தது. முடி நீக்குவதற்குத் தோலை ஊறப்போடும் குழி. அதன் குறுக்கே பலகை போட்டு வண்டியை மேலே ஏற்றி நிறுத்தினோம். அவர் குழிக்குள் இறங்கி நின்றால் வண்டியின் வயிறு அவர் முகத்துக்கு நேராக இருந்தது. சுவரில் பழைய ஆட்டு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. மதிய இடைவேளையில் நான் ஒரு முக்காலியைப் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டேன்.

“இங்க பாரு எஸ்தரு” என்று கீழிருந்து குரல் வந்தது. “ரெண்டு பைப்பு. கியர் பெட்டியில எண்ணெய் சூடாகி இது வழியா முன்னாடி போவுது. ரேடியேட்டர்ல குளிச்சிட்டு இது வழியா திரும்பி வருது. ஒண்ணு ‘டக்’னு புட்டுக்கிச்சு. எண்ணெய் பூரா ரோட்ல. எண்ணெய் இல்லன்னா இந்த மாதிரி வண்டி நகராது.”

“ஏன் புட்டுக்கிச்சு?”

பதிலுக்கு அவர் இன்னொரு பைப்பை விரலால் அழுத்தினார். அப்பளம் மாதிரி நொறுங்கிக் கொட்டியது. எனக்குச் சுருக்கென்றது. அதன் மேல்தான் நான் தினமும் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

காரணம் எங்கள் ஊர்தான். பாய் அந்த வண்டியை நிறுத்தி வைத்திருந்த ஷெட், முன்னால் பதனிடாத பச்சைத் தோல் அடுக்குகிற மண்டியாக இருந்தது. பல வருஷமாகத் தோலுக்குத் தூவின உப்பு தரைக்குள் இறங்கியிருந்தது. மழைக்காலத்தில் அந்தத் தரை வேர்க்கும். வண்டிக்கு மேலே தினமும் துடைத்துப் பாலிஷ் போட்டோம். அடியில் உப்பு தின்றுகொண்டிருந்தது ஒருத்தருக்கும் தெரியவில்லை.

“பழையபடி இரும்பு பைப்பு போட்டா மறுபடி இதே கதிதான்” என்றார் தாமு அண்ணன். “பிரஸ்ஸோட ஹோஸ் போடறேன். உள்ள கம்பி வலை இருக்கு. அந்தப் பிரஸ்ஸு கொடுக்கற அழுத்தத்துக்கு முன்னாடி உன் வண்டி எண்ணெய் ஜுஜுபி.”

ஸ்டோரில் ஸ்பேர் ஹோஸ் இருந்தது. கறுப்பு ரப்பர்க் குழாய், கட்டை விரல் தடிமனில். ஆனால் வண்டியின் மரை வேறு, ஹோஸின் மரை வேறு. அமெரிக்காக்காரன் யாரோடும் ஒத்துப்போக மாட்டான் என்று திட்டிக்கொண்டே பஜாரில் ஒரு லேத் கடையில் போய் உட்கார்ந்து, ஒரு பக்கம் வண்டிக்கும் மறுபக்கம் ஹோஸுக்கும் பொருந்துகிற மாதிரி நிப்பிள் கடைந்து வாங்கி வந்தார். ஹோஸைச் சைலன்சர் குழாயின் சூட்டிலிருந்து விலக்கி, தரையிலிருந்து தூக்கி, கிளாம்ப் போட்டுக் கட்டினார். பார்க்கவே லட்சணமாக இருந்தது. டாக்டரம்மா டிக்கியில் விட்டுப்போன டின்களைத் திறந்து எண்ணெய் ஊற்றினோம். அப்போதுதான் நான் அதை முதன்முதலில் கிட்டத்தில் பார்த்தேன். ரூஹ் அஃப்ஸா சர்பத் போல அப்படி ஒரு சிவப்பு. கை பட்டதும் உதறினேன். எண்ணெய் என்று தெரிந்தும் உடம்பு நம்பவில்லை.

எஞ்சினை ஓடவிட்டோம். ஒன்றும் இல்லை. “பாத்தியா?” என்று தாமு அண்ணன் மீசையைத் தடவினார். எஞ்சின் நன்றாகச் சூடேறட்டும் என்று விட்டுவைத்தோம். கொஞ்ச நேரத்தில் தொட்டிக்குள் சொட்டு விழும் சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று. அப்புறம் ஒழுகியே ஊற்றியது. தொட்டியின் வெள்ளைத் தரையில் மறுபடியும் சிவப்பு. நான் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கன்னம் எரிந்தது.

சரியாக அந்த நேரத்தில் பாய் வந்து நின்றார்.

பட்டைத் தோல்

“இதுக்குத்தான் சொன்னேன்” என்று ஆரம்பித்தவர், தாமு அண்ணன் நிப்பிளிலிருந்து கழற்றி நீட்டிய வாஷரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். எங்கள் பக்கத்தில் வாஷர் என்றால் தோல்தான். அடிபம்புக்குத் தோல், பிரஸ்ஸுக்குத் தோல், ஆபீஸ் குழாய்க்குத் தோல். வேறு ஊர் ஃபிட்டர் செம்பு வாஷர் தேடியிருப்பான். தாமு அண்ணனின் கை தானாகத் தோலுக்குப் போயிருக்கிறது.

அந்த வாஷர் வெந்து, சுருங்கி, விறைத்து, பாதி அளவாகிப் போயிருந்தது. பாய் அதை வாங்கித் திருப்பினார். நகத்தால் கீறினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“எங்க எடுத்த இத?”

“ஸ்டோர்ல கெடந்துச்சு பாய். நல்ல கனமான தோலு.”

“இது பட்டைத் தோல்யா” என்றார் பாய். அவர் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன். “ஆவாரம் பட்டையில பதம் போட்டது. இத்தினி வருஷம் டேனரியில வேலை செய்யற, பட்டைத் தோலைக் கொதிக்கிற சூட்டுல வெப்பியா? குரோம் தோல் வெக்கத் தெரியாதா? என் தோல் ஒழுகிச்சுன்னு ஊர்ல பேசணுமா?”

வண்டியை விற்கிற யோசனை எல்லாம் அந்த நேரத்துக்கு அவருக்கு மறந்தே போய்விட்டது. நேராக லேபுக்குப் போனார். குரோம் உப்பில் பதம் செய்த தோலில் கனமான ஒரு துண்டை அவரே எடுத்து வந்தார். எங்கள் டேனரியில் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டுச் சுருங்குகிறதா என்று பார்ப்பது வழக்கம். அதைக் கேன்டீன் டீ சட்டியில் எல்லோர் முன்னாலும் செய்தார். துண்டின் ஓரத்தைப் பேனாவால் காகிதத்தில் வரைந்து, வேகவைத்து எடுத்து, அதே கோட்டின் மேல் வைத்துக் காட்டினார். ஒரு மயிரிழைகூடச் சுருங்கவில்லை.

“இத வெட்டிப் போடு.”

தாமு அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வெட்டினார். பாய் அந்தப் பக்கம் திரும்பியதும் என் காதில், “செம்பு வாஷர் போட்டா ஜாஸ்தி பேஜார் இல்ல எஸ்தரு. ஆனா இப்போ சொன்னா என்னையே டீ சட்டியில போட்டுடுவாரு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மாதனூருக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

எஞ்சின் சூடேறும்வரை பாய் தொட்டியின் விளிம்பிலேயே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டு விழவில்லை. இருந்தாலும் அவருக்குத் திருப்தி இல்லை. நின்ற இடத்தில் ஓடினால் போதுமா, ரோட்டில் தாங்க வேண்டாமா என்றார்.

“நாளைக்குக் காலையில மாதனூர் வரைக்கும் போய்ட்டு வருவோம். நீயே ஓட்டு. வேற எவனாலயும் முடியாது” என்றார் என்னிடம். பிறகு, கொஞ்சம் தயங்கி, “கடைசித் தடவைம்மா” என்றார்.

மறுபடியும் அதே இடம்

பாய் முதன்முதலாக என் வண்டியில் ஏறினார். பின் சீட்டில், கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை அசைத்தபடி. ஊரைத் தாண்டியதும் ஒரு கண்ணைத் திறந்தார். அப்புறம் இன்னொன்றை. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. நான் ரோட்டை அணு அணுவாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இனி இப்படி வரப்போவதில்லை என்று தெரிந்து ஓட்டும்போது கிலோமீட்டர் கல்லெல்லாம் சீக்கிரம் சீக்கிரமாக வந்துவிடுகிறது.

மாதனூரில் அதே பஸ் ஸ்டாப், அதே பெண்கள். வண்டியைத் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. ரோட்டின் ஓரத்தில் பழைய எண்ணெய்க் கறை கறுப்பாகிக் கிடந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். கூட்டத்திலிருந்து ஒருத்தி ரோட்டுக்கு நடுவில் வந்து கையை நீட்டினாள். பச்சையம்மாள்.

வண்டி நின்றது. பாய் பின்னாலிருந்து, “கண்ணாடிய ஏத்திக்கோம்மா” என்றார். என் கை போகவில்லை.

பச்சையம்மாள் என்னிடம் வரவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். கையை நீட்டி ரோட்டைத் தடவினாள். எழுந்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். புழுதிதான் இருந்தது. பிறகு என் ஜன்னலுக்கு வந்தாள். அறைந்த கை எனக்கு இவ்வளவு கிட்டத்தில் இருந்தது. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் இழுத்துக்கொண்டேன்.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்” என்றாள். “அன்னிக்கு நீ ஏன் ஓடல? எல்லா டிரைவரும் ஓடிடுவானுங்களே.”

கதவைத் திறந்து இடது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தேன். புடவையைக் கொஞ்சம் விலக்கிச் சட்டத்தைக் காட்டினேன்.

“இத வெச்சிக்கினு எங்கம்மா ஓடறது? முடிஞ்சிருந்தா ஓடியிருப்பேன்.”

அவள் அந்த இரும்பை வெகுநேரம் பார்த்தாள். அன்றைக்கு அவள் பார்த்தது என் முகத்தை மட்டும்தான் போலிருக்கிறது.

“நல்லதாப் போச்சு” என்றாள். “ஓடியிருந்தா உன்ன வுட்டிருக்க மாட்டோம். எங்க ஆளுங்க கையில கல்லு இருந்துச்சு. நான்கூட ஒண்ணு எடுத்து வெச்சிருந்தேன். கெணத்துப் பக்கம் ஓடினாலும் தேடிப் புடிச்சு அடிச்சிருப்போம். நீ எங்கியும் போவாம நின்னுக்கினு தெரியலம்மான்னு சொன்ன பாரு, எல்லாருக்கும் கை இறங்கிப்போச்சு. அதான் அறையோட போச்சு.”

சொல்லிவிட்டு, புழுதிக் கையைப் புடவையில் துடைத்து, என் கன்னத்தை ஒரு முறை தொட்டுவிட்டு ஸ்டாப்புக்குப் போனாள். அங்கே மல்லிகா டிபன் டப்பாவோடு நின்றிருந்தாள்.

கல்லை நான் பார்க்கவே இல்லை. என்னைச் சுற்றி நின்ற அத்தனை கைகளில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. இத்தனை நாளும் ஓட முடியாமல் போயிற்றே என்று நானும் பாயும் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தோம்.

கண்ணாடியில் பார்த்தேன். பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்திருந்தார். பிறகு தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அடுத்த வாரம் இத்தாலிக்காரர் வர்றார் பேட்டி. நீயே காட்பாடிக்குப் போய்க் கூட்டி வந்துடு” என்றார். “இப்போ கிளம்பு. வேலூர் வரைக்கும் போலாம். தோல் தாங்குதான்னு பாக்கணும்.”

காலை உள்ளே எடுத்து வைத்துக் கதவைச் சாத்தினேன். கியரைப் போட்டேன். ஆக்சிலேட்டரில் வலது காலை வைத்தேன், மிதிக்க முடியவில்லை. நடுங்கியது என் நல்ல கால்தான்.